கைக்கணினியா, மடிக்கணினியா?
ஊராட்சி அலுவலகத்திற்கும் உழவர் இல்லத்திற்கும் ஏற்ற கருவி பற்றிய ஓர் ஆய்வு

கைக்கணினி ஒன்று இருந்தால் மடிக்கணினி வேண்டுவதில்லை என்னும் கருத்து நம் சிற்றூர்களில் பரவி வருகின்றது. மக்கள் வழக்கில் 'டேப்' என்றும் 'லேப்டாப்' என்றும் வழங்கும் இவ்விரண்டனுள் முன்னது விலை குறைந்தது, எடை குறைந்தது, விரலால் தொட்டே இயக்கத்தக்கது. ஆதலின் ஊராட்சி மன்றத்தில் கருவி வாங்கும் தீர்மானம் வரும்பொழுதும், கல்லூரி செல்லும் பிள்ளைக்கு ஒன்று வாங்கித் தர உழவர் ஒருவர் எண்ணும்பொழுதும், "டேப்பே போதுமே" என்னும் பேச்சு எழுவது இயல்பு. அப்பேச்சு எவ்வளவிற்கு உண்மை என்பதை ஈண்டு ஆராய்வோம். செலவாவது வரிப்பணம், அன்றேல் நெல் விற்ற பணம். பொருந்தாத கருவியை வாங்கிவிட்டால் மறு ஆண்டே மற்றொன்றிற்கும் பணம் தேட நேரும்.

இவ்வினா புதியதன்று. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. அதற்கு இருபது நாள் கழித்து, அக்டோபர் 5ஆம் நாள், நடுவண் அரசு 'ஆகாஷ்' என்னும் மலிவு விலைக் கைக்கணினியைப் புது தில்லியில் அறிமுகப்படுத்தியது. ஏழு அங்குலத் திரையும் 256 மெகாபைட் நினைவகமும் கொண்ட அக்கருவியின் விலை ஏறத்தாழ 2,250 ரூபாய். உலகமெங்கும் அதனைப் பற்றிப் பேசினர். ஆயின் அதன் திரை அழுத்தித் தொட்டாலன்றி இயங்கவில்லை, வேகமும் போதவில்லை. சில ஆண்டுகளில் அதன் பெயரும் மறைந்தது. விலையை மட்டும் நோக்கிச் செய்த கருவி நிலைபெறாது என்பதற்கு அது சான்றாயிற்று.

இன்றைய கைக்கணினிகள் ஆகாஷைப் போன்றவை அல்ல, பன்மடங்கு மேம்பட்டவை. தமிழ்நாட்டு அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்கு 101.48 கோடி ரூபாய்ச் செலவில் கைக்கணினி வழங்கும் பணி 2024இல் நடைபெற்றது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 12,700 ரூபாய் ஆகின்றது. மாணவர் திறனைப் பதியவும் வகுப்பில் படம் காட்டவும் அவை பொருத்தமானவையே. அடுத்து, 2025 மார்ச்சு மாதத்து நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி, அவரவர் விருப்பப்படி, இரண்டு ஆண்டுகளில் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் 2026 சனவரியில் மாணவர் கைகளுக்கு வரத் தொடங்கியவை மடிக்கணினிகளே. ஆசிரியர்க்குக் கைக்கணினியும் மாணவர்க்கு மடிக்கணினியும் ஏன் என்று வினவுவோர், இருவர் செய்யும் வேலையையும் நோக்குதல் வேண்டும். முன்னையது பார்ப்பதும் பதிவதுமான வேலை; பின்னையது எழுதுவதும் தொகுப்பதுமான வேலை. நம் ஆராய்ச்சி முழுவதும் இவ்வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டது.

செங்கோட்டை வட்டத்து இலத்தூரை எடுத்துக்கொள்வோம். அங்கு ஊராட்சிச் செயலர் ஒருவர் ஒரு நாளில் செய்யத்தக்க பணிகளை எண்ணிப் பார்ப்போம். காலையில் குடிநீர்த் தொட்டியைப் பார்வையிட வேண்டும். குழாய் உடைந்த இடத்தை ஒளிப்படம் எடுக்க வேண்டும். வேலை நடைபெறும் இடத்திற்குச் சென்று வருகையைச் சரிபார்க்க வேண்டும். அப்போதைய மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டத்தில், பணியிடத்திலேயே நாளொன்றுக்கு இருமுறை ஒளிப்படத்துடன் வருகை பதிதல் 2023 சனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. இத்தகைய வேலைகளுக்கு மடிக்கணினியைச் சுமந்து செல்வார் யாருமிலர். படமெடுப்பதும், இடக்குறிப்பைப் பதிவதும், அங்கிருந்தே அனுப்புவதும் கைக்கணினிக்கு எளிது.

ஆயினும் இங்கே இரண்டு செய்திகளைக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்வதில்லை. விலை குறைந்த கைக்கணினிகளுட் பல சிம் அட்டை ஏற்காதவை. வைஃபை உள்ள இடத்தில் மட்டும் இணையம் காண்பவை. வரப்பில் நிற்கும்பொழுது வைஃபைக்கு எங்குப் போவது? கைப்பேசியிலிருந்து இணையத்தைப் பகிர்ந்தே தீர வேண்டும். அவற்றுட் சிலவற்றில் இடங்காட்டும் ஜி.பி.எஸ். வசதியும் இராது; அத்தகைய கருவியால் எடுத்த படத்தில் இடக்குறிப்பு சரியாக அமையாது. மற்றொன்று நம் பகுதிக்கே உரியது. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரல் வயல்வெளி வரை வந்து வீசும். ஈரம் பட்ட தொடுதிரை விரலையும் நீர்த்துளியையும் பிரித்தறியாது திண்டாடும். கார் நெல் நட்டு வளரும் பருவமும் அதுவே. ஆகவே நீர் புகாத உறையும், துடைக்க உலர்ந்த துணியும் கருவியோடு செல்லுதல் வேண்டும்.

நண்பகலுக்குமேல் அச்செயலர் அலுவலகத்தில் அமர்கின்றார். இங்குத்தான் நிலைமை மாறுகின்றது. ஊராட்சிகளின் திட்டமும் கணக்கும் பதிவதற்கென 2020 ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'இ-கிராம் சுவராஜ்' தளத்தில் வரவு செலவுகளை ஏற்ற வேண்டும். பணம் வழங்கும்பொழுது பொறுப்பாளர்கள் மின்கையொப்பம் இட வேண்டும். அக்கையொப்பம் விரல் நீள யு.எஸ்.பி. கருவி ஒன்றில் அடங்கியுள்ளது. அதனைச் செருகுவதற்கு உரிய துளை பெரும்பான்மையான கைக்கணினிகளில் இல்லை. மாற்று இணைப்பான் வாங்கிச் செருகினாலும், அதனை இயக்கும் மென்பொருள் பெரும்பாலும் மேசைக்கணினிக்கும் மடிக்கணினிக்கும் உரியதாகவே செய்யப்பட்டுள்ளது. இது சிறு தடை போலத் தோன்றலாம். ஆனால் கையொப்பம் ஏறாத நாளில், குழாய் பழுது பார்த்தவருக்கும் தெருவிளக்கு மாற்றியவருக்கும் சேர வேண்டிய தொகை நின்றுவிடும். கூலி வாங்க வந்து திரும்பிச் செல்பவரிடம் கருவியின் குறையைச் சொல்லி என்ன பயன்?

கணக்குப் பட்டியல்களும் அவ்வாறே. பத்துப் பன்னிரண்டு பத்திகள் கொண்ட பட்டியலை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்க்கையில் ஒரு வரிசையிலுள்ள தொகை மறு வரிசையில் விழுவது எளிது. ஒருபுறம் பழைய இரசீதும் மறுபுறம் புதிய பட்டியலுமாக இரண்டைத் திரையில் வைத்து ஒப்பிடுதல் மடிக்கணினியில் இயல்பான செயல். கைக்கணினியில் அஃது ஒரு வித்தை. அச்சுப்பொறியை இணைப்பதும் மடிக்கணினியிலேயே தொல்லை குறைவு.

தமிழ் எழுத்துரு பற்றியும் சொல்ல வேண்டும். அரசு அலுவலகங்களிலிருந்து வந்து சேர்ந்த பழைய கோப்புகள் பல, வானவில், பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அமைந்தவை. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்ட பின்னரும் அப்பழக்கம் நெடுநாள் நீடித்தது. அக்கோப்பைக் கைக்கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே தோன்றும். மடிக்கணினியிலாயின் அவ்வெழுத்துருவை நிறுவிப் படிக்கலாம். ஒருங்குறிக்கு மாற்றியும் வைக்கலாம்.

தட்டச்சு முறையிலும் வேறுபாடு உண்டு. 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பத்து விரலாலும் பயின்றவர் மடிக்கணினியில் தீர்மானம் ஒன்றை விரைவில் அடித்துவிடுவர். கைக்கணினியில் திரையின் பாதியை விசைப்பலகையே கவர்ந்துகொள்ளும். மாறாக, தட்டச்சே அறியாத உழவருக்குக் கைக்கணினி ஒரு வகையில் தோழன். தமிழில் பேசினால் அது தானே எழுதிக்கொடுக்கின்றது. மனு எழுத இது பெரிதும் உதவும். எழுதிய பின் ஒருமுறை படித்துப் பார்த்தல் மட்டும் தவறலாகாது. நம் இலத்தூரை அது மகாராட்டிரத்து லாத்தூராக்கிவிட்டாலும் வியப்பதற்கில்லை!

இனி, கிராம சபை. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டிற்கு ஆறு நாட்கள் தமிழ்நாட்டில் இதற்கென வகுக்கப்பட்டுள்ளன. அன்று கூட்டத்தில் அமர்ந்துள்ள பெண்டிரிடமும் முதியோரிடமும் கைக்கணினியைக் கொடுத்து, தத்தம் தெருவின் பணிக்கு எவ்வளவு செலவாயிற்று என்று அவர்களே பெரிதாக்கிப் பார்க்கச் செய்யலாம். கணக்கு மக்கள் கையில் சென்று சேர இதனினும் எளிய வழி இல்லை. அக்கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் பின்னர் எழுதி முடிப்பது மடிக்கணினியின் வேலை.

உழவர் இல்லத்திற்கு வருவோம். 2018 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற 'உழவன்' செயலி தமிழில் அமைந்தது. மானியம், விலை நிலவரம், வானிலை முதலியவற்றை அதில் அறியலாம். பட்டா, சிட்டா விவரங்களை இணையத்தில் காணலாம். நோயுற்ற தென்னை ஓலையைப் படமெடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்பலாம். இவற்றுள் எதற்கும் மடிக்கணினி வேண்டுவதன்று. உண்மையைச் சொல்லப்போனால், இவற்றுட் பெரும்பாலானவற்றிற்குக் கையிலுள்ள கைப்பேசியே போதும். கண் மங்கிய பெரியவர்க்குப் பெரிய திரை உதவும் என்பதொன்றே கைக்கணினியின் மிகுதிப் பயன். ஆகவே பயிருக்காக மட்டும் ஒரு கருவி வாங்க எண்ணுபவர் அப்பணத்தை விதைக்கும் எருவுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது நம் கருத்து.

பிள்ளைகளின் படிப்பு வேறு. பள்ளிப் பாடங்களைப் படக்காட்சியாகக் காண 2023இல் வெளிவந்த 'மணற்கேணி' செயலி உண்டு. போட்டித் தேர்வுக்குப் பழைய வினாத்தாள்களைப் படிப்பதற்கும் கைக்கணினி ஏற்றதே. ஆனால் கல்லூரியில் ஆய்வுரை எழுதுவோர்க்கும், வணிகவியல் பட்டியல் போடுவோர்க்கும், கணினி நிரல் பயில்வோர்க்கும் அது போதாது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்கி வருவதை நம் பகுதியினர் அறிவர். சிற்றூரிலிருந்தே உலகிற்கு மென்பொருள் ஆக்கலாம் என்னும் நம்பிக்கையை அது இங்குள்ள இளைஞர்க்கு அளித்துள்ளது. அத்தகைய பணிக்குத் தன்னைப் பயிற்றிக்கொள்ள விரும்பும் பிள்ளைக்குக் கைக்கணினியை வாங்கிக் கொடுத்தல், உழவு பயில வந்தவனிடம் களைக்கொட்டை மட்டும் கொடுத்து அனுப்புவது போலாகும்.

கைக்கணினியோடு தனி விசைப்பலகையைச் சேர்த்தால் மடிக்கணினி ஆகிவிடாதா என்று சிலர் வினவுவர். எழுதும் இடர் ஓரளவு தீரும். மென்பொருளின் இடர் தீராது. உறை, விசைப்பலகை, எழுதுகோல் என ஒவ்வொன்றாகச் சேர்க்க, விலையும் மடிக்கணினியை நெருங்கிவிடும். பழுதானாலோ, மடிக்கணினியின் மின்கலத்தையும் விசைப்பலகையையும் நகரத்துக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். நினைவகத்தைக் கூட்டவும் பலவற்றில் இடமுண்டு. பசையிட்டு ஒட்டிய கைக்கணினியைத் திறப்பதே கடினம்; திரை உடைந்தால் புதிது வாங்குவதே மேல் என்னும் நிலை. மின்செலவில் மட்டும் கைக்கணினிக்கு ஐயமற்ற வெற்றி. மடிக்கணினிக்கு 45 அல்லது 65 வாட் மின்னேற்றி வேண்டுமிடத்து, இதற்குக் கைப்பேசியின் மின்னேற்றியே பெரும்பாலும் போதும்.

ஊராட்சி உறுப்பினர்கள் கருத வேண்டிய இன்னொன்று உண்டு. கைக்கணினி பெரும்பாலும் ஒருவருடைய மின்னஞ்சல் கணக்கோடு பிணைந்தே இயங்குவது. செயலர் தம் சொந்தக் கணக்கைக் கொண்டு அதனைத் திறந்திருப்பாராயின், அவர் மாறுதலாகிச் செல்லும் நாளில் ஊரின் படங்களும் பதிவுகளும் அவர் கணக்கோடு போய்விடக்கூடும். ஆகவே ஊராட்சியின் பெயரிலேயே கணக்கு ஒன்று தொடங்கி, அதன் கடவுச்சொல்லைப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்து, உறையிட்டு வைத்தல் நன்று. மடிக்கணினிக்கும் இது பொருந்தும்.

இவற்றையெல்லாம் வைத்து நோக்கினால், அலுவலகத்தில் மடிக்கணினியோ மேசைக்கணினியோ ஒன்றும் இல்லாத ஊராட்சி கைக்கணினி வாங்குதல் முறையன்று. ஒன்று இருந்து, நன்னிலையில் இயங்குமாயின், இரண்டாவதாக வாங்குவது கைக்கணினியாக இருக்கலாம். சிம் அட்டையும் ஜி.பி.எஸ்.சும் உள்ளதா என்று கேட்டு வாங்குக.

வாங்குமுன் வீட்டு அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்த்தல் நலம். 2011க்குப் பின் மூத்த பிள்ளைகள் பெற்ற விலையில்லா மடிக்கணினிகள் பல இல்லங்களில் மின்கலம் ஓய்ந்து உறங்குகின்றன. விண்டோஸ் 10க்கு உரிய இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றன. அதற்கு முந்தைய பதிப்புகளின் ஆதரவு முன்னரே நின்றது. அதனால் பழைய கருவியை எறிந்துவிட வேண்டுவதில்லை. அத்திட்டத்தின் மடிக்கணினிகளில் விண்டோசோடு 'பாஸ் லினக்ஸ்' என்னும் இந்திய இயங்குதளமும் சேர்த்தே தரப்பட்டது. அதன் புதிய பதிப்பையோ, எடை குறைந்த வேறொரு லினக்ஸையோ கட்டணமின்றிப் பெற்று நிறுவலாம். நினைவகத்தைக் கூட்டி, மின்கலத்தை மாற்றினால், கட்டுரை எழுதவும் பட்டியல் போடவும் தமிழ்99 பழகவும் அக்கருவி இன்னும் சில ஆண்டு உழைக்கும். அதற்காகும் செலவு புதிய கைக்கணினியின் விலையில் ஒரு பகுதியே. கல்லூரியில் கணினி பயிலும் ஊர்ப் பிள்ளை ஒருவர் ஒரு விடுமுறை நாளில் இதனைச் செய்து தரக்கூடும்.