கேபிள் போச்சு என்று வருகிற பிள்ளைகளுக்கு

ராக்ஸ்மித் விளையாட்டை 2011-இல் யுபிசாஃப்ட் வெளியிட்டபோது அதன் கவர்ச்சி ஒன்றுதான்: பொத்தான் வைத்த பிளாஸ்டிக் கிட்டார் வேண்டாம், நிஜ எலெக்ட்ரிக் கிட்டாரையே செருகிக்கொள். செருகுவதற்கு ஒரு கேபிள். ஒரு முனையில் 6.35 மி.மீ. ஜாக், மறுமுனையில் யுஎஸ்பி. யுஎஸ்பி பக்கம் அடங்கியிருக்கிற சின்னச் சுற்று, கிட்டாரிலிருந்து வரும் மின்னலையைக் கணினிக்குப் புரியும் எண்களாக்கி அனுப்புகிறது. திரையில் நோட்டு ஓடுகிறது, நீ வாசிக்கிறாய், விளையாட்டு கண்டுகொள்ளவே இல்லை. உடனே “கேபிள் போச்சு” என்று தூக்கிக்கொண்டு வருகிறாய். அப்படி வந்தவற்றில் பலவற்றுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. புதிது வாங்குமுன் இதையெல்லாம் பார்.

1. கிட்டாரின் வால்யூம் குமிழ் திறந்திருக்கிறதா? சிரிக்காதே. நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டிரைவரை அழித்து, மறுபடி போட்டு, கணினியை நாலு முறை அணைத்து எழுப்பிய பிறகுதான் குமிழ் பூஜ்யத்தில் இருந்ததைக் கண்டேன். கூடம் கோணல் என்றவளின் கதைதான்.

2. ஆக்டிவ் பிக்கப் வைத்த கிட்டார் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். ஜாக்கைச் செருகியே வைத்தால், நீ வாசிக்காவிட்டாலும் அது கரையும். ஒலி மெலிந்து கரகரத்தால் முதலில் பேட்டரியை மாற்று.

3. கிட்டாரில் ஜாக் செருகும் துளையைச் சுற்றியுள்ள நட்டைத் தொட்டுப் பார். லூசாக இருந்தால் ஒவ்வொரு முறை செருகும்போதும் உள்ளே சாக்கெட் சுழலும்; சுழன்று சுழன்று ஒருநாள் ஒயர் அறுந்துவிடும்.

4. இப்போது கணினிக்கு வா. விண்டோஸின் ஒலிப்பதிவுக் கருவிகள் பட்டியலில் ‘ராக்ஸ்மித் யுஎஸ்பி கிட்டார் அடாப்டர்’ என்ற பெயர் தெரிய வேண்டும். தெரியவில்லையா, ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கணினியின் வேறொரு துளையில் செருகு. வெறும் ‘யுஎஸ்பி ஆடியோ’ என்று ஏதோ பொதுப்பெயர் வந்தால் கையில் இருப்பது வேறு கேபிள். கணினி அதிலிருந்து ஒலி வாங்கும். விளையாட்டு அதைத் தன் கேபிளாக ஏற்காது. மலிவு விலைக்கு மயங்கினவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

5. பெயர் தெரிகிறது, ஒலி இல்லை. விண்டோஸ் 10, 11-இல் செயலிகளுக்கு மைக் அனுமதி என்று ஒரு பொத்தான் உண்டு. கணினியைப் பொறுத்தவரை இந்தக் கேபிள் ஒரு மைக். அனுமதி மூடியிருந்தால் பெயர் மட்டும் இருக்கும், சத்தம் வராது. ஒலிப்பதிவுக் கருவிகள் பட்டியலில் இந்தக் கேபிளின் பண்புகளில் இன்னொன்றும் பார்: மாதிரி வீதம் 48000 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 44100-இல் இருந்தால் மாற்று.

6. இது முக்கியம், அவசரப்படாதே. விளையாட்டை மூடு. ஆடாசிட்டி போன்ற ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றைத் திறந்து, இந்தக் கேபிள் வழியாகப் பதிவு செய். ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக, சும்மா, விரல் வைக்காமல் மீட்டு. திரையில் ஆறு மேடுகள் எழுந்து மெல்ல அடங்கினால் கேபிள் உயிரோடு இருக்கிறது. கோளாறு விளையாட்டின் அமைப்பில். அளவமைக்கும்போது முதலில் பலமாக மீட்டச் சொல்லும், பிறகு கம்பிகளைக் கையால் அமுக்கச் சொல்லும். கூச்சப்பட்டு மெல்ல மீட்டினால் பிறகு உன் வாசிப்பையெல்லாம் அது தப்பாகவே அளக்கும். இரண்டாவது சோதனை, அதே பதிவு மென்பொருளில்: ஒரு கம்பியை மீட்டிவிட்டு, அது ஒலிக்கும்போதே கேபிளை ஜாக்கின் கழுத்துப் பக்கம் மெல்ல வளை. யுஎஸ்பி பக்கமும் வளை. எங்கே வளைக்கும்போது கோடு அறுபடுகிறதோ அங்கேதான் லூஸ் காண்டாக்ட்.

7. இரைச்சலில் சாதி உண்டு. ‘ம்ம்ம்’ என்று விடாமல் ஓடினால் மின்சாரத்தின் ஹம். கிட்டாரோடு அப்படியே திரும்பி உட்கார். குறைந்தால் பிக்கப் அதை வாங்குகிறது என்று அர்த்தம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் சார்ஜர். தொடும்போது மட்டும் ‘படபட’ என்றால் லூஸ். தொடாமலே ‘டிக் டிக்’ என்று வெட்டினால் கணினி மூச்சு வாங்குகிறது. ராக்ஸ்மித் 2014-இன் அமைப்புக் கோப்பில் லேட்டன்சி பஃபர் எண்ணை ஒன்று கூட்டிப் பார்.

8. நீ மீட்டிய பிறகு ஒலி தாமதமாக வந்தால் கேபிளைத் திட்டாதே. எச்டிஎம்ஐ வழியாக டிவியில் கேட்கிறாயா? டிவி படத்தையும் ஒலியையும் மெருகேற்றி நேரத்தைத் தின்னும். காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். 10 மில்லிநொடித் தாமதம், ஆம்ப்ளிஃபயரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம், அதில் வாசிக்கலாம். 100 மில்லிநொடி என்றால் 34 மீட்டர். அங்கே நின்றுகொண்டு யாரால் தாளம் பிடிக்க முடியும்? டிவியில் கேம் மோடைப் போடு, அல்லது கணினியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்தே கேள்.

9. சாதாரண கிட்டார் கேபிளை மல்ட்டிமீட்டரில் வைத்து முனைக்கு முனை ‘பீப்’ கேட்பது போல இதைச் சோதிக்காதே. நடுவில் சுற்று இருப்பதால் நல்ல கேபிளும் பீப் அடிக்காது. பீப் கேட்கவில்லை என்று நல்ல கேபிளைக் குப்பையில் போட்டவர்களும் உண்டு.

10. யுஎஸ்பி பக்கம் செத்திருந்தால் விட்டுவிடு. ஜாக் பக்கம்தான் என்றால் பிழைக்க வைக்கலாம். கழுத்திலிருந்து ஐந்து செ.மீ. வெட்டி, புதிய மோனோ ஜாக் வாங்கு. நடு ஒயர் நுனிக்கு, சுற்றியிருக்கும் வலை உடம்புக்கு. சில கேபிள்களில் வலைக்கு அடியில் மெல்லிய கறுப்பு உறை ஒன்று இருக்கும். அதுவும் மின்சாரம் கடத்தும். அதைப் பின்னுக்கு உரிக்காமல் விட்டால் நுனியைத் தொட்டு ஒலியைக் குடித்துவிடும். சால்டரிங் அயனை நெடுநேரம் வைக்காதே, உள்ளே பிளாஸ்டிக் உருகும். ஈயம் வைக்கும் முன்பே ஜாக்கின் மூடியைக் கேபிளில் கோத்துக்கொள். இத்தனை வருஷம் கழித்தும் நான் அதை மறந்து, அழகாகப் பற்றவைத்ததை மறுபடி பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.