முதல் ஆராய்ச்சி நிதிக்கு எழுதும் தங்கச்சிக்கு

கல்லூரியில் வேலை உறுதியாகி, முதல் புராஜெக்ட் எழுத உட்கார்ந்திருக்கிறாயா? ரொம்ப சந்தோஷம். ஒன்றை மட்டும் மனசில் வை. பணம் வந்த பிறகு வரும் மூன்று வருடத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுது. விண்ணப்பம் தெளிவாக வரும், பின்னால் தூக்கமும் கெடாது.

முன்பு செர்ப் என்ற மத்திய அரசு வாரியம் கொடுத்த ஆராய்ச்சி நிதியை 2024 முதல் ஏ.என்.ஆர்.எஃப். என்ற அமைப்பு கொடுக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அங்கே பிரதமர் பெயரில் ஒரு திட்டம் உண்டு, மூன்று வருடத்துக்கு 60 லட்சம் வரை. வயது, வேலையில் சேர்ந்த தேதி இரண்டுக்கும் வரம்பு இருக்கிறது. அறிவிப்பை வரிவிடாமல் படி. உன் கல்லூரியில் ஆய்வகமே சரியில்லையென்றால் 'டேர்' திட்டத்தைப் பார். வேலையை விடாமலே பக்கத்திலுள்ள தேசிய ஆய்வகத்திலோ ஐ.ஐ.டி.யிலோ போய் ஆய்வு செய்யலாம். சிவகங்கைப் பக்கம் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவளுக்குக் காரைக்குடியிலுள்ள சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எவ்வளவு பக்கம்! சிறு ஊர் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் எண்ணம்.

பட்ஜெட்டில் நிதானம் வேண்டும். பெரிய கருவி கேட்க ஆசை வரும். அதற்கு ஜி.எஸ்.டி., யு.பி.எஸ்., ஏ.சி., வாரண்டி முடிந்த பிறகு ஆகும் பராமரிப்பு எல்லாம் உண்டு. அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளம், கொட்டேஷன், கொள்முதல் குழு என்று கருவி வந்து சேரவே மாதக்கணக்கில் இழுக்கும். அதற்குப் பதில் சாம்பிளைச் சென்னை ஐ.ஐ.டி.யின் பொதுக் கருவி மையமான சைஃபுக்கு அனுப்பலாம். ஐ-ஸ்டெம் தளத்தில் வேறு ஊர்க் கருவிகளுக்கும் முன்பதிவு செய்யலாம். அந்தக் கட்டணத்தைப் பட்ஜெட்டிலேயே எழுதிவிடு.

ஆராய்ச்சி மாணவருக்கான உதவித்தொகையில் கை வைக்காதே. நெட், கேட் தேறியவருக்கு முதல் இரண்டு வருடம் ஜே.ஆர்.எஃப். என்று மாதம் 37,000, மூன்றாம் வருடம் எஸ்.ஆர்.எஃப். என்று 42,000, அதோடு வீட்டு வாடகைப்படி. மூன்று வருடத்துக்கும் 37,000 என்றே போட்டுவிட்டால் கடைசி வருடம் இடிக்கும்.

கணக்கை முதல் நாளிலிருந்தே எழுது. சீட்டுப் பணத்தை வீட்டுச் செலவில் கலக்க மாட்டோமே, அப்படித்தான் இதுவும்: கருவித் தலைப்பில் வந்ததை அனுமதி இல்லாமல் கெமிக்கலுக்குத் திருப்பக் கூடாது. வங்கி வட்டியும் அரசுக்குத்தான். வாங்கிய பொருளை அன்றே ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்று. மார்ச் 31 முடிந்ததும் யு.சி. என்ற பயன்பாட்டுச் சான்றிதழும் செலவுக் கணக்கும் கேட்பார்கள்; அது போகாமல் அடுத்த தவணை வராது. கணக்குப் பிரிவில் இருப்பவர்களிடம் விண்ணப்பிக்கும்போதே போய்ப் பேசு. விதி அவர்களுக்குத் தெரியும்.

துணை ஆய்வாளராக நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்துக்கொள். பிள்ளைப்பேறு விடுப்பு எடுக்கும்போது வேலை நிற்காது. விடுப்பைத் தள்ளிப்போட வேண்டியதும் இல்லை.

தவணை தாமதமானால் முதலில் அடிபடுவது மாணவர்தான், வாடகை கட்ட முடியாமல் தவிப்பார். அந்த மாதங்களில் கல்லூரி நிதியிலிருந்து முன்பணம் கொடுக்க முடியுமா என்று முதல்வரிடம் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள். முடியாது என்றால், நேர்காணலுக்கு வரும் பிள்ளையிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடு.