ஏலத்தில் ஏற்றிய விலை யார் தலையில் விழும்?



ஏலம் மார்க்கம் அனுமதித்த வியாபாரம். உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்களே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார், இன்னொருவர் இரண்டு திர்ஹம் கேட்டார், அவருக்கே கொடுத்தார்கள். அதே நபியவர்கள் 'நஜ்ஷ்' கூடாது என்றும் தடுத்தார்கள். வாங்கும் எண்ணமே இல்லாமல், விலையை ஏற்றிவிடுவதற்காகக் கூட்டிக் கேட்பதுதான் நஜ்ஷ்.

பாத்திரத்தின் ஏலம் பாத்திரத்தோடு முடிந்துவிடும். நிலத்தின் ஏலம் அப்படி முடிவதில்லை. சீனாவில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கே நகர நிலம் அரசுடையது. பயன்படுத்தும் உரிமை மட்டுமே விற்கப்படும். அந்த உரிமைக்கான முதல் பொது ஏலம் 1987 டிசம்பர் 1 அன்று ஷென்ஜென் நகரில் நடந்தது. 8,588 சதுர மீட்டர் மனை. 20 லட்சம் யுவானில் தொடங்கிய கேள்வி 52.5 லட்சத்தில் முடிந்தது. பின்னாளில் ஏலமே வழக்கமானது. உச்ச விலைக்குப் போன மனையை மக்கள் 'நில ராஜா' என்று அழைத்தார்கள்.

ஒரு மனை அப்படிப் போனதும் என்ன நடக்கும்? பக்கத்தில் பழைய வீட்டை விற்க இருந்தவர் தன் விலையைக் கூட்டுவார். அடுத்த ஏலத்தில் அந்த விலையே அளவுகோலாகும். வீட்டு விலை ஏறும் என்று நம்பி நிறுவனங்கள் நிலத்துக்குக் கூட்டிக் கேட்கும். நிலம் ஏறியதைப் பார்த்து, 'இப்போது வாங்காவிட்டால் எப்போதும் முடியாது' என்று மக்கள் கடன் வாங்கி ஓடுவார்கள். 'ரொட்டியை விட மாவு விலை அதிகம்' என்று சீனர்களே சொல்லும் நிலை வந்தது. தாராளக் கடன், நிலத் தட்டுப்பாடு ஆகியவையும் காரணம்தான்; ஆனால் ஏலக் கேள்வி அந்த நெருப்புக்கு விசிறியானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிலத்தின் நாளைய மதிப்பு யாருக்கும் திட்டமாகத் தெரியாது. ஒவ்வொருவரும் ஊகிக்கிறார்கள். ஏலத்தில் வெல்பவர் யார்? எல்லோரையும் விட அதிகமாக ஊகித்தவர்! இதைப் பொருளாதார அறிஞர்கள் 'வென்றவரின் சாபம்' என்கிறார்கள்.

2021-ல் 22 நகரங்களில் ஏலத்துக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. தொடக்க விலைக்கு மேல் 15 சதவீதம்தான் ஏறலாம் என்று வரம்பும் வைத்தது. அதற்குள் நிறுவனங்கள் கடனில் மூழ்கியிருந்தன. பல மனைகளைக் கேட்க ஆளில்லை. முன்பணம் வாங்கிய வீடுகள் பாதியில் நின்றன. 2022-ல் பல நகரங்களில், வீடு கைக்கு வராதவர்கள் வங்கித் தவணை கட்ட மாட்டோம் என்று அறிவித்தார்கள். ஏல மண்டபத்தில் காலே வைக்காத குடும்பங்கள் அவை!

சகோதரர்களே! ஏலத்துக்குப் போகுமுன் உங்கள் உச்ச வரம்பை எழுதி வையுங்கள். அதைத் தாண்டினால் எழுந்து வந்துவிடுங்கள். நண்பருக்கு உதவி என்ற பெயரில் கூட வாங்காத பொருளுக்கு விலை கேட்காதீர்கள். மற்றவர்களோடு பேசிவைத்து விலையை அமுக்கவும் செய்யாதீர்கள். அந்த நிலம் ஓர் அநாதையின் சொத்தாகவோ வக்ஃபாகவோ இருக்கலாம்.

நாம் உயர்த்தும் கை, நமக்குத் தெரியாத ஒருவரின் வாடகையையும் உயர்த்துகிறது. அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி பரக்கத் செய்வானாக! ஆமீன்.