வரிக்கு முன் ஒதுக்கும் பணம்: அமெரிக்க ஊழியர்களின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக் கணக்குகள்

அமெரிக்காவில் மாதச் சம்பளம் பெறும் ஊழியர், மருத்துவத்துக்கும் குழந்தை பராமரிப்புக்கும் ஆண்டு முழுவதும் தேவைப்படும் பணத்தில் ஒரு பகுதியை, வரி கழிக்கப்படுவதற்கு முன்பே சம்பளத்திலிருந்து தனியே எடுத்துவைக்கலாம். 1978ஆம் ஆண்டின் வருவாய்ச் சட்டத்தால் வரித் தொகுப்பில் சேர்ந்த 125ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் இக்கணக்கின் முழுப்பெயர் ஃப்ளெக்சிபிள் ஸ்பெண்டிங் அக்கவுண்ட், அலுவலகங்களில் எஃப்.எஸ்.ஏ. என்ற சுருக்கமே வழங்குகிறது. இதில் மருத்துவச் செலவுக்கு ஒன்றும், குழந்தை அல்லது பிறரைச் சார்ந்து வாழும் குடும்பத்தினரின் பராமரிப்புக்கு ஒன்றுமாக இரண்டு வகைகள் உள்ளன. பெயர் ஒன்றாக இருப்பினும் இரண்டின் விதிகளும் பல இடங்களில் நேர்மாறானவை. ஒன்றின் விதியை மற்றதற்கும் பொருந்துவதாக எண்ணித் தொகை குறிப்பவருக்குப் பணம் கைநழுவும். ஆகையால் வரிச் சலுகையின் அளவைப் பார்த்துத் தொகையை முடிவு செய்யாமல், உறுதியாகத் தெரிந்த செலவிலிருந்து தொடங்கி, விதிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துத் தொகையை அடைவதே சரியான முறை.

சலுகையின் கணக்கு எளிது. கூட்டாட்சி வருமான வரியில் 22 விழுக்காட்டு அடுக்கில் இருக்கும் ஊழியர், அதனுடன் சோஷியல் செக்யூரிட்டி வரியாக 6.2 விழுக்காடும் மெடிகேர் வரியாக 1.45 விழுக்காடும் கட்டுகிறார்; மூன்றும் சேர்ந்து 29.65 விழுக்காடு. எனவே கணக்கில் இடும் ஒவ்வொரு 100 டாலருக்கும் அவருடைய கைக்கு வரும் சம்பளம் ஏறத்தாழ 70 டாலர்தான் குறைகிறது. பெரும்பாலான மாநிலங்கள் தம் வருமான வரியிலும் இவ்விலக்கை ஏற்கின்றன. நியூ ஜெர்சி நெடுங்காலமாக ஏற்காத மாநிலமாதலால், அங்கு வாழ்வோர் மாநில வரியைச் சேமிப்பில் சேர்த்துக் கணக்கிடலாகாது.

செயலில் இறங்க வேண்டிய காலம், பெரும்பாலான நிறுவனங்களில் இலையுதிர் காலத்தில் சில வாரங்கள் மட்டும் திறந்திருக்கும் ஓப்பன் என்ரோல்மென்ட் எனும் பதிவுக் காலமாகும். அடுத்த ஆண்டுக்கான தொகையை அப்போதே குறிக்க வேண்டும். இவ்வாண்டு குறித்த தொகை பொதுவாக அடுத்த ஆண்டுக்குத் தானாகத் தொடர்வதில்லை. குறித்த தொகையை ஆண்டின் நடுவில் விருப்பம்போல் மாற்றவும் முடியாது. திருமணம், மணமுறிவு, குழந்தைப் பிறப்பு, தத்தெடுப்பு, குடும்பத்தில் இறப்பு, துணைவரின் வேலை மாற்றம் போன்ற வாழ்க்கை மாற்றங்கள் நேரும்போது மட்டும், அந்த மாற்றத்துக்குப் பொருந்தும் அளவில் திருத்தம் செய்யலாம். அதற்கான கெடு பல நிறுவனங்களில் 30 நாட்களே என்பதால், குழந்தை பிறந்த வீட்டில் மற்ற வேலைகளுக்கு நடுவே இதை மறந்துவிடாதிருப்பது முக்கியம்.

மருத்துவக் கணக்கில் 2026ஆம் ஆண்டில் ஓர் ஊழியர் அதிகபட்சமாக 3,400 டாலர் இடலாம். இவ்வரம்பு குடும்பத்துக்கு உரியதன்று, ஊழியருக்கு உரியது. கணவன், மனைவி இருவருக்கும் தத்தம் நிறுவனத்தில் இக்கணக்கு இருப்பின் இருவரும் தனித்தனியே முழு வரம்பு வரை இடலாம். காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்குமுன் நோயாளியே கட்ட வேண்டிய டிடக்டிபிள் தொகை, ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் கட்டும் கோ-பே, பல் சிகிச்சை, பல் சீரமைப்புக் கம்பி, கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், லேசிக் அறுவை, செவிக்கருவி ஆகியவை இதில் அடங்கும். 2020ஆம் ஆண்டின் கேர்ஸ் சட்டத்துக்குப் பின், மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் வாங்கும் காய்ச்சல், ஒவ்வாமை மருந்துகளும், மாதவிடாய்க் காலப் பொருள்களும் சேர்ந்துள்ளன. காப்பீட்டுக்கான பிரீமியம், அழகுக்காகச் செய்யும் அறுவை, பல் வெண்மையாக்கல், பொதுவான உடல்நலத்துக்காக உண்ணும் வைட்டமின் மாத்திரை ஆகியவை அடங்கா.

தொகையைக் கணிக்க, கடந்த ஆண்டின் காப்பீட்டு அறிக்கைகளையும் மருந்துக் கடை ரசீதுகளையும் எடுத்துவைத்து, தவறாமல் மீண்டும் வரும் செலவுகளை முதலில் கூட்ட வேண்டும். அதன்மேல், ஏற்கெனவே முடிவான சிகிச்சைகளை மட்டும் சேர்க்க வேண்டும். நோய் வந்தால் தேவைப்படலாம் என்று கூட்டும் தொகையே ஆபத்தானது. ஆண்டு முடிவில் செலவாகாத பணம் ஊழியருக்குத் திரும்பாமல் நிறுவனத்தின் திட்டத்திடமே தங்கிவிடும் என்பதே இக்கணக்கின் அடிப்படை விதி. இதைத் தளர்த்த நிறுவனங்களுக்கு இரு வழிகள் உண்டு. 2026இல் மீதமாகும் பணத்தில் 680 டாலர் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல அனுமதிக்கலாம். அல்லது திட்ட ஆண்டு முடிந்தபின் இரண்டரை மாதம் கூடுதல் காலம் தரலாம். இரண்டையும் ஒருசேரத் தர முடியாது. இரண்டையும் தராமலும் இருக்கலாம். ஆகவே தொகை குறிக்கும் முன் மனிதவளப் பிரிவிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, தங்கள் திட்டத்தில் இவற்றுள் எது உண்டு என்பதே. கொண்டுசெல்லும் வசதி இருப்பின், கணிப்பு ஓரளவு பிசகினாலும் இழப்பு நேராது. இல்லாவிடில் சற்றுக் குறைவாகவே குறிப்பது அறிவுடைமை.

மருத்துவக் கணக்குக்கு ஊழியர் பக்கம் சாயும் விதி ஒன்றும் உண்டு. ஆண்டு முழுவதற்கும் குறித்த தொகை, சம்பளத்தில் சிறிது சிறிதாகவே பிடிக்கப்பட்டாலும், திட்ட ஆண்டின் முதல் நாளிலிருந்தே முழுமையாகச் செலவுக்குக் கிடைக்கும். 3,400 டாலர் குறித்தவர், ஒரு மாதச் சம்பளப் பிடித்தம்கூட முடியாத நிலையில், ஜனவரியிலேயே அத்தொகை முழுவதற்கும் சிகிச்சை பெற்றுக்கொள்ளலாம். மார்ச்சில் வேலையை விட்டு விலகினாலும், பிடிக்கப்படாத மீதியை நிறுவனம் அவரிடம் கேட்க இயலாது. மறுபுறம், பணம் இட்டுவிட்டுச் செலவு செய்யாமல் விலகுபவருக்கு, வேலை முடியும் நாளுக்குப் பிந்திய சிகிச்சைகளுக்கு அப்பணம் பொதுவாகக் கிடைக்காது. சில சூழல்களில் கோப்ரா எனும் தொடர்காப்புச் சட்டத்தின் கீழ்க் கணக்கை நீட்டிக்கலாம். வேலை மாறும் எண்ணம் உள்ளவர் சிகிச்சைகளை முன்கூட்டியே முடித்துக்கொள்வது நலம்.

அதிக டிடக்டிபிள் கொண்ட காப்பீட்டைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கிடைக்கும் ஹெச்.எஸ்.ஏ. எனும் ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட் வேறொரு கணக்கு. 2003ஆம் ஆண்டின் மெடிகேர் சட்டத்தால் உருவான அதில் இடும் பணம் ஊழியரின் சொந்தச் சொத்தாகவே நீடிக்கும், காலாவதி ஆகாது, வேலை மாறினாலும் உடன் வரும். பொது மருத்துவ எஃப்.எஸ்.ஏ. வைத்திருப்பவர் ஹெச்.எஸ்.ஏ.யில் பணம் இட முடியாது என்ற விதி, துணைவரின் எஃப்.எஸ்.ஏ.க்கும் பொருந்துகிறது என்பது பலர் அறியாதது. கணவர் தம் அலுவலகத்தில் பொது எஃப்.எஸ்.ஏ. எடுத்தால், அது மனைவியின் செலவுகளையும் ஏற்கக்கூடியதாதலால், மனைவி தம் ஹெச்.எஸ்.ஏ.யில் பணம் இடும் தகுதியை இழக்கிறார். எனவே தம்பதியர் இருவரும் தத்தம் பதிவுப் படிவங்களை அருகருகே வைத்துப் பார்த்தபின்னரே கையெழுத்திட வேண்டும். பல், கண் செலவுகளுக்கு மட்டும் உரிய வரம்புடை எஃப்.எஸ்.ஏ.வை நிறுவனம் தருமானால், அதை ஹெச்.எஸ்.ஏ.யுடன் சேர்த்து வைத்திருக்கத் தடையில்லை.

யாருடைய செலவுக்கு இக்கணக்கு உதவும் என்பதில், அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை சில. ஊழியர், துணைவர், 26 வயதை எட்டும் ஆண்டின் முடிவு வரை பிள்ளைகள், வரிச் சட்டப்படி ஊழியரைச் சார்ந்து வாழ்பவர்கள் ஆகியோரின் செலவுகள் ஏற்கப்படும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் தமிழ்நாட்டிலேயே வாழும் பெற்றோரின் மருத்துவமனைச் செலவை, மகனோ மகளோ முழுவதும் ஏற்று அனுப்பிவந்தாலும், இக்கணக்கில் கோர முடியாது. வரிச் சட்டத்தின்படி சார்ந்து வாழ்பவர் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளுக்குள் வசிப்பவராகவோ அமெரிக்கக் குடிமகனாகவோ இருக்க வேண்டும். ஆனால் விடுமுறையில் சென்னைக்குச் செல்லும் ஊழியர் அங்கே தமக்குச் செய்துகொள்ளும் பல் சிகிச்சைக்குரிய கட்டணம் ஏற்கத்தக்கதே. முழு விவரமுள்ள ரசீதை வாங்கி வருவது அவர் பொறுப்பு.

பராமரிப்புக் கணக்கின் இயல்பு வேறு. இதன் வரம்பு 1980களிலிருந்து குடும்பம் ஒன்றுக்கு 5,000 டாலராகவே நெடுங்காலம் அசையாமல் இருந்து, 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தால் 2026 முதல் 7,500 டாலராக உயர்ந்தது. தனித்தனியே வரிப் படிவம் தாக்கல் செய்யும் தம்பதியருக்கு ஆளுக்கு 3,750. இங்கு வரம்பு குடும்பத்துக்கே உரியது. இருவரும் வேலை செய்வதால் இரட்டிப்பாவதில்லை. பணமும் முதல் நாளிலேயே முழுமையாகக் கிடைக்காது. சம்பளத்திலிருந்து கணக்கில் சேர்ந்த அளவுக்கே, அதுவும் பராமரிப்பு நடந்து முடிந்த பின்னரே, திரும்பப் பெறலாம். ஆகையால் ஜனவரி மாத டே கேர் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டும் வசதியை முன்னரே செய்துகொள்ள வேண்டும்.

இக்கணக்கின் நோக்கம் பெற்றோர் வேலைக்குச் செல்வதை இயலச் செய்வதே என்பதை மனத்தில் கொண்டால் இதன் தகுதி விதிகள் யாவும் விளங்கும். குழந்தை 13 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும். தம்பதியர் இருவரும் வேலை செய்ய வேண்டும் அல்லது வேலை தேட வேண்டும். துணைவர் முழுநேர மாணவராகவோ தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாதவராகவோ இருந்தாலும் போதும். ஹெச்-1பி விசாவில் வேலை செய்பவரின் துணைவர், வேலை அனுமதி இல்லாத ஹெச்-4 விசாவில் வீட்டிலிருந்தால், அவர் முழுநேரப் படிப்பில் சேர்ந்திருந்தாலன்றி இச்சலுகை கிடைக்காது. டே கேர், மழலையர் பள்ளி, பள்ளி முடிந்தபின் நடக்கும் பராமரிப்பு, கோடைக்காலப் பகல் முகாம் ஆகியவை ஏற்கப்படும். இரவு தங்கும் முகாமும், கிண்டர்கார்டன் முதலான பள்ளிக் கல்விக் கட்டணமும் ஏற்கப்படா. தாத்தா, பாட்டிக்குக் கொடுக்கும் ஊதியத்தைக்கூட, அவர்கள் வரிப் படிவத்தில் சார்ந்திருப்போராகக் காட்டப்படாதவரை, கோரலாம். எனினும் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வருவோர் ஊதியம் பெற அந்த விசா இடம் தராது. தம்மைப் பார்த்துக்கொள்ள இயலாத முதிய பெற்றோர் ஊழியருடன் ஆண்டில் பாதிக்கு மேல் வசித்து, அவரைச் சார்ந்து வாழ்பவராகவும் இருப்பின், முதியோர் பகல் இல்லத்தின் கட்டணமும் இதில் அடங்கும். ஆனால் அவர்கள் நாள்தோறும் குறைந்தது எட்டு மணி நேரம் ஊழியரின் வீட்டில் கழிக்க வேண்டும்.

தகுதி உண்டென்று தெரிந்தபின்னும் உடனே முழுத் தொகையைக் குறிப்பது எல்லோருக்கும் இலாபமன்று. இதே செலவுக்கு ஆண்டு வரிப் படிவத்தில் நேரடியாக வரியைக் குறைக்கும் பராமரிப்பு வரிச் சலுகை ஒன்று உண்டு. அதில் கணக்கிடத்தக்க செலவு ஒரு குழந்தைக்கு 3,000 டாலர், இரண்டு அல்லது அதற்கு மேல் எனில் 6,000 டாலர். எஃப்.எஸ்.ஏ. வழியாகப் பெறும் ஒவ்வொரு டாலரும் இவ்வரம்பிலிருந்து கழிக்கப்படுவதால், 7,500 டாலர் குறிப்பவருக்கு இச்சலுகை முற்றிலும் அற்றுப்போகும். 2026 முதல் சலுகையின் விகிதமும் உயர்ந்துள்ளது: சேர்ந்து வரி தாக்கல் செய்யும் தம்பதியரின் வருமானம் 1,50,000 டாலருக்குள் இருந்தால் விகிதம் 35 விழுக்காட்டுக்குக் குறையாது, அதற்கு மேல் படிப்படியாக இறங்கி 20 விழுக்காட்டில் நிற்கும். ஆண்டுக்கு 1,20,000 டாலர் ஈட்டி, இரண்டு குழந்தைகளின் டே கேருக்கு 10,000 டாலர் செலவழிக்கும் தம்பதியர், வழக்கமான கழிவுக்குப் பின் 12 விழுக்காட்டு அடுக்கில் இருப்பர், எஃப்.எஸ்.ஏ.யில் 7,500 டாலர் இட்டால் அவர்களுக்கு மிஞ்சுவது சுமார் 1,474 டாலர், வரிச் சலுகையைத் தேர்ந்தாலோ 2,100 டாலர். அதே தம்பதியருக்கு ஒரே குழந்தை எனில் சலுகை 1,050 டாலராகச் சுருங்க, எஃப்.எஸ்.ஏ. முந்துகிறது. 1,82,000 டாலர் ஈட்டும் தம்பதியருக்குச் சலுகை விகிதம் 27 விழுக்காடாக இறங்கி, இரண்டு குழந்தைகளுக்கும் சேர்த்து 1,620 டாலரே தர, 22 விழுக்காட்டு அடுக்கில் எஃப்.எஸ்.ஏ. சுமார் 2,224 டாலரை மிச்சப்படுத்துகிறது. இவை மாநில வரியைச் சேர்க்காத கணக்குகள். சலுகை, கட்ட வேண்டிய வரியைப் பூச்சியம் வரை குறைக்குமே தவிர மிச்சத்தைப் பணமாகத் தராது என்பதையும் சேர்த்துப் பார்த்து, ஒவ்வொரு குடும்பமும் தன் எண்களை இட்டுக் கணக்கிட வேண்டும். அரை மணி நேர வேலைக்குச் சில நூறு டாலர் கிடைக்கிறது.

ஆண்டு தொடங்கியபின் செய்ய வேண்டியது ரசீதுகளைக் காப்பது. சிகிச்சை அல்லது பராமரிப்பு நடந்த நாள், வழங்கியவரின் பெயர், பெற்றவரின் பெயர், செய்யப்பட்டது என்ன, எவ்வளவு தொகை ஆகிய ஐந்தும் ரசீதில் இருக்க வேண்டும். கிரெடிட் கார்டு இயந்திரம் தரும் துண்டுச் சீட்டில் இவை இராமையால் அது செல்லாது. காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் கணக்கு விளக்க அறிக்கை மிகச் சிறந்த ஆவணம். திட்டம் தரும் டெபிட் அட்டையால் கட்டிய செலவுக்கும் சில வேளைகளில் ரசீது கேட்கப்படும். கேட்டபோது தராவிட்டால் அட்டை முடக்கப்படலாம். செலவு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதைச் சேவை நடந்த நாளே தீர்மானிக்கிறது. பணம் கட்டிய நாளோ பில் வந்த நாளோ அன்று. டிசம்பர் 28 அன்று பார்த்த பல் மருத்துவரின் பில் ஜனவரியில் வந்தாலும் அது பழைய ஆண்டுச் செலவே. திட்டம் குறிக்கும் இறுதிக் கெடுவுக்குள் கோரிக்கையை அனுப்ப வேண்டும்.

வரிப் படிவம் நிரப்பும் காலத்தில் மருத்துவக் கணக்குக்கென்று தனிப் படிவம் ஏதும் இல்லை. பராமரிப்புக் கணக்குக்கு உண்டு: நிறுவனம் தரும் டபிள்யூ-2 படிவத்தின் 10ஆம் கட்டத்தில் உள்ள தொகையை எடுத்து 2441ஆம் படிவத்தை நிரப்பி இணைக்க வேண்டும், இணைக்காவிட்டால் அத்தொகை வரிக்குரிய வருமானமாகக் கருதப்படக்கூடும். அப்படிவம் குழந்தையைப் பார்த்துக்கொண்டவரின் பெயர், முகவரி, வரி அடையாள எண் மூன்றையும் கேட்கும். ஆகையால் டே கேரையோ வீட்டுக்கு வரும் ஆயாவையோ அமர்த்தும் முதல் நாளிலேயே டபிள்யூ-10 படிவத்தைக் கொடுத்து எண்ணைப் பெற்றுக்கொள்வது நல்லது. அவர் தர மறுத்தால், தெரிந்த விவரங்களை நிரப்பி, எண்ணைக் கேட்டதையும் அது மறுக்கப்பட்டதையும் விளக்கும் குறிப்பொன்றைப் படிவத்துடன் இணைக்கலாம்.