நடுவரும் பயிற்சியாசிரியரும்

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில், 1887-ஆம் ஆண்டு, ஒரு படகுக் கழகத்தின் உட்கூடத்தில் தோன்றியது மென்பந்தாட்டம். இன்று அந்நாட்டுத் திடல்களில் பள்ளிச் சிறுமியர் பலர் இதனை விரும்பி ஆடுகின்றனர். மென்பந்து என்பது பெயரளவில்தான். அடிபட்டவர்க்கே அதன் மென்மை விளங்கும்!

பந்தை மட்டையால் அடித்து நான்கு தளங்களையும் சுற்றி ஓடிவருவது ஓரணியின் வேலை. பந்தை எடுத்து அவர்களை ஆட்டமிழக்கச் செய்வது மற்றையணியின் வேலை. இதில் ஓயாத வழக்கிற்கு இடமாவது ‘இடையூறு’ என்னும் விதியாகும். அடித்த பந்து தரையில் உருண்டு வருகிறது. அதனை எடுக்க ஒரு சிறுமி குனிகிறாள். அவ்வேளையில் இரண்டாம் தளத்திலிருந்து மூன்றாம் தளத்திற்கு ஓடும் எதிரணிச் சிறுமி அவள்மீது மோதிவிடுகிறாள். நடுவர் இரு கைகளையும் உயர்த்தி ஆட்டத்தை நிறுத்துகிறார். ஓடியவள் ஆட்டமிழந்தாள் என்பது தீர்ப்பு. திடலோரத்தில் பெற்றோர் ஆரவாரிக்கின்றனர்.

“அவள் வேண்டுமென்று மோதவில்லையே!” என்று முழங்குவதால் பயனில்லை. அடித்த பந்தை எடுக்க முனைபவளுக்கே வழி உரியது. மோதியவளின் எண்ணத்தை இங்கு விதி வினவுவதில்லை. ஆனால், பந்தைக் கையில் கொள்ளாமலும் எடுக்க முனையாமலும் ஒருத்தி வழியை மறித்து நின்றிருந்தால், குற்றம் அவளுடையதே ஆகும். மோதல் ஒன்றே, தீர்ப்போ நேர்மாறு.

ஆதலால், விதியறிந்த பயிற்சியாசிரியர் ஆட்டத்தை நிறுத்திவைக்க இசைவு பெற்று, தீர்ப்புரைத்த நடுவரிடமே நடந்து சென்று, “தாங்கள் கண்டது யாது, ஐயா?” என்று தாழ்ந்த குரலில் வினவுவார். “அவள் பந்தெடுக்க முனைந்திருந்தாள்” என்பது விடையாயின், அது நடுவர் கண்ணால் கண்டு துணிந்தது; அதன்மேல் முறையீடு இல்லை. வேறு கோணத்தில் நின்ற துணை நடுவரைக் கலந்துகொள்ளுமாறு வேண்டலாம், அவ்வளவே. “அவள் பந்தெடுக்க முனையவில்லை, ஆயினும் மோதியதே குற்றம்” என்று நடுவர் கூறுவாராயின், பிழைபட்டது விதி. அதன்மேல் முறையிடலாம். ஆனால், அடுத்த பந்து எறியப்படுமுன் முறையிடல் வேண்டும். சினந்து கூவுபவர் அக்குறுகிய நேரத்தையும் வீணாக்கிவிடுகிறார். எதனைக் கேட்பது என்பதும் அவர்க்குத் தோன்றுவதில்லை.

தீர்ப்பு மாறாவிடினும் அவர்க்கு வேலை உண்டு. ஆட்டமிழந்த சிறுமி கலங்கிய கண்களோடு இருக்கையில் அமர்ந்திருக்கிறாள். அவளருகே சென்று அவர் சொல்ல வேண்டுவது இது: “இனி, பந்தெடுப்பவளின் பின்புறமாகச் சுற்றி ஓடு. அவளுக்கு வழிவிடுவதற்காகத் தடம் விலகினால் குற்றமில்லை, அம்மா.”