எங்கள் வீட்டுக் கட்டுமரம்: பராமரிப்பது எப்படி?



நம்ம முகத்துவாரக்குப்பம் கரையில் இப்போ பெரும்பாலும் ஃபைபர் போட்டுதான். அதுக்கு நடுவுல ஐந்து மரம் சேர்த்துக் கட்டிய ஒரு பழைய கட்டுமரம் கிடக்கும். அது எங்க தாத்தாவுடையது. அவர் இப்போ தொழிலுக்குப் போறதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதைப் பழுது பார்க்க உட்கார்ந்துவிடுவார். நானும் கூடவே இருந்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

பெயர்: கட்டு + மரம் = கட்டுமரம். இங்கிலீஷில் ‘கேட்டமரன்’ என்ற சொல் இதிலிருந்து வந்ததுதான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-ல் வெளிவந்த தன் பயண நூலில் சோழமண்டலக் கரைக் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று வெளிநாட்டில் கேட்டமரன் என்பது இரண்டு அடிப்பாகம் உள்ள படகு. அது வேறு, நம்மது வேறு.

ஏன் ஆணி இல்லை? உப்புத் தண்ணியில் இரும்பு துருப்பிடிக்கும். அலை மோதும்போது கயிற்றுக் கட்டு கொஞ்சம் அசைந்து கொடுக்கும். ஆணி அடித்தால் மரம் பிளக்கும். மேலே ஏறும் தண்ணி மரங்களுக்கு நடுவில் இறங்கிப் போய்விடும், இறைக்கத் தேவையில்லை.

பராமரிக்கும் முறை:

1. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காய வைக்க வேண்டும். ஊறிய மரம் கனக்கும், தாழ்ந்து மிதக்கும். “ஈர மரத்த தூக்கவும் முடியாது, அது நம்மள தூக்கவும் தூக்காதுடா” என்பார் தாத்தா.

2. ஓட்டை இருக்கா என்று தடவிப் பார்க்க வேண்டும். மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு உண்மையில் புழு இல்லை, சிப்பி இனம். நன்றாகக் காய்ந்தால் செத்துவிடும்.

3. உளுத்த இடத்தை வாச்சியால் சீவ வேண்டும்.

4. மரங்களைப் பழைய வரிசையிலேயே வைத்து, இரண்டு முனையிலும் குறுக்குக் கட்டை போட்டுக் கயிறு சுற்ற வேண்டும். தண்ணியில் மரம் ஊறிப் பருத்ததும் கட்டு இன்னும் இறுகும்.

5. முக்கோணப் பாயை நல்ல தண்ணியில் அலசி, காய்ந்த பிறகே சுருட்ட வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

எண்ணெய் வந்தபோது: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது நம்ம எல்லாருக்கும் தெரியும். ஃபைபர் போட்டுகளைத் துடைத்துத் துடைத்து எடுத்தாங்க. எங்க கட்டுமரத்தில் எண்ணெய் கயிற்றுக்குள்ளேயும் மரத்துக்கு நடுவிலேயும் போய்விட்டது. இனி விறகுக்குத்தான் என்று எல்லாரும் சொன்னாங்க. தாத்தா ஒண்ணும் பேசலை. கயிற்றை எல்லாம் அறுத்து எறிந்தார். ஒவ்வொரு மரமாகச் சீவி வெயிலில் போட்டார். நாலு மரம் தேறியது. ஒண்ணு தேறலை. அதுக்குப் பதிலா வேறொரு பழைய மரத்தை அதே அளவுக்குச் செதுக்கிச் சேர்த்தார். எங்க கட்டுமரத்தில் ஒரு மரம் மட்டும் ஏன் வேற நிறம் என்று கேட்பீங்களே, காரணம் இதுதான்.

அவிழ்க்க முடிந்ததால்தான் அதைக் காப்பாற்ற முடிந்தது. ஆணி அடித்திருந்தால் முடிந்திருக்காது.

இப்போ தாத்தா கை நடுங்குது. கயிற்றை இழுப்பது நான், முடிச்சுப் போடுவது அவர். அந்த முடிச்சு எனக்கு இன்னும் சரியா வரலை. உங்க வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரிந்தால் இப்பவே கேட்டுக் கத்துக்கோங்க. வர்ற ஞாயிறு காலையில் கரைக்கு வாங்க, கயிறு இழுக்க ஆள் வேணும்.