ஆனையிறவு உப்பும் பரந்தன் மின்சாரமும்

அன்புள்ள தம்பிக்கு,

மூலகம், சேர்வை இரண்டின் இலட்சணங்களையும் பிள்ளைகள் பிழையின்றி ஒப்புவித்துவிட்டு, உப்பைக் காட்டினால் மூலகமென்று சொல்லுகிறார்களென மனம் நொந்து எழுதியிருந்தீர். அவர்களை நோகாதேயும், வெண்மையாய், எந்தத் துணுக்கை நாவில் வைத்தாலும் ஒரே சுவையதாய் இருக்கும் வஸ்துவைக் கண்ணால் மாத்திரம் பார்ப்பவர் வேறென்ன சொல்லக்கூடும்?

கிளிநொச்சியில் கற்பிக்கும் உமக்கு வாய்த்த பாக்கியம் பெரிது. ஆனையிறவிலே, பாத்தியில் தேங்கிய நீர் வெயிலிற் காய்ந்து உப்பாய்ப் பூப்பதைக் காட்டும்; சூரியன் பிரித்தது கலவையை மாத்திரமே, அந்த உப்பை எத்தனை முறை கரைத்துக் காய்ச்சினாலும் அது உப்பாகவே மீளும். அங்கிருந்து சில கட்டை தெற்கே, பரந்தனில், யுத்தத்தில் மூடுண்டு போகுமுன் இயங்கிய இரசாயனத் தொழிற்சாலையிலோ, உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்திக் குளோரீனையும் எரிசோடாவையும் எடுத்தார்கள். வெயிலுக்கு இணங்காதது மின்சாரத்துக்கு இணங்கிற்று.

ஆயினும் பிரிந்து வந்ததெல்லாம் மூலகமென்று பிள்ளைகள் எண்ணிவிடலாகாது. எரிசோடாவும் சேர்வையே, 1807இல் டேவி என்னும் இரசாயன அறிஞர் அதனை உருக்கி மின்சாரம் செலுத்திய பின்னரே சோடியம் வெளிப்பட்டது. குளோரீனின் கதை இதற்கு நேர்மாறு. 1774இல் சீலே என்னும் இரசாயன அறிஞர் கண்ட அந்த மஞ்சட்பச்சை வாயுவை ஒட்சிசன் சேர்ந்த சேர்வையென்றே பேரறிஞர்கள் பல்லாண்டு சாதித்தார்கள்; வெண்சூடேறிய கரியாலும் அதிலிருந்து ஒட்சிசனைப் பிரிக்க இயலாதெனக் கண்ட டேவி, 1810இல் அதனை மூலகமென்று துணிந்தார். பெரியோரே தடுமாறிய இடத்தில் உமது பிள்ளை தடுமாறுவது குற்றமா?

ஆதலால் வரைவிலக்கணத்தைப் பின்னுக்கு வைத்து, பரிசோதனையை முன்னே வையும். செவ்வரத்தம்பூவைக் கசக்கிய நீரில் உப்பைக் கரைத்து, இருபுறமும் சீவிய பென்சில்கள் இரண்டை அதில் நிறுத்தி, மூன்று ரோச் பற்றரிகளைத் தொடராக அவற்றோடு இணையும்; யன்னல்கள் திறந்திருக்கட்டும், சில நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். எதிர்முனையருகே எரிசோடா பிறந்து நீர் பச்சையாகும். நேர்முனையருகே நிறம் வெளிறும், கிணறு இறைத்துக் குளோரீன் போட்ட நாளின் மணமும் மெல்ல எழும். அந்த மணத்தைப் பிள்ளைகள் தாமே இனங்கண்டு பெயர் சொல்லும்வரை நீர் வாய் திறவாமலிரும்.

“இதையும் பிரிக்கலாமோ, சேர்?” என்று எவரேனும் கேட்டால், உடனே விடை கூறிவிடாமல், டேவியின் கரியை அப்பொழுது எடுத்துச் சொல்லும். அதன்பின் அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை எனக்கு மறவாமல் எழுதும்.

அன்புடன்,
இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர்